ஈரம்பட்ட பருப்பு: தென்னார்க்காட்டு நிலக்கடலையும் நச்சறியும் கருவிகளும்

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி என இன்று பிரிந்துகிடக்கும் பழைய தென்னார்க்காடு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் தலையாய நிலக்கடலைச் சீமையாக விளங்கியது. உள்ளூர் மக்கள் மல்லாட்டை என்று வழங்கும் அக்கடலை, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் விளைந்து, மாட்டுவண்டிகளிலும், 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இரயிலிலும் புதுச்சேரியை அடைந்து, மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது.

ஆனால் செனகலிலிருந்து ஓட்டோடு வந்த கடலை மார்செயில் சமையல் எண்ணெயாக மாற, சோழமண்டலக் கரையின் பருப்போ பெரும்பாலும் சோப்புக்கே சென்றது. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்தப் பருப்பாகவே அனுப்பிய இங்குள்ள வணிகர்கள், ஓடு எளிதில் உடைவதற்காகக் காயை நீரில் நனைத்துத் தடியால் அடிப்பித்தனர். அந்த ஈரம் நீண்ட பயணத்தின் புழுக்கத்தில் பூசணமாகவும் காறலாகவும் மாறி விலையைக் குறைத்தது. உலர்காயை உரிக்கும் இயந்திரங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பின்னரே நிலைமை சற்றுத் திருந்தியது.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 போன்ற இரகங்களால் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. எனினும் விளைச்சலும் எண்ணெய்ச் சத்துமே அக்கால அளவுகோல்கள். பூசணத்தின் நஞ்சு அப்போது எவருக்கும் தெரியாது. 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஓரிலட்சத்துக்கும் மேல் மடிந்தபோதுதான், அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் சுரப்பதும் கல்லீரலைத் தாக்குவதுமான அஃப்ளாடாக்சின் வெளிப்பட்டது.

நேரடியாக உண்ணும் கடலையில் இந்நஞ்சின் பி1 வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. இந்நஞ்சைக் கண்ணாலும் மூக்காலும் உணர இயலாது. புறஊதா ஒளியில் நஞ்சு நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்வதைப் பார்க்கும் சோதனையும், நஞ்சைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களைப் பயன்படுத்தும் எலிசா சோதனையும் அடுத்தடுத்து வந்தன. 2004-இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட, ஓரணுத் தடிப்புள்ள கரிமத் தாளான கிராபீன் மற்றொரு வழியைத் திறந்தது: அதன் வழிப்பொருள் பூசிய மின்முனையில் எதிர்ப்புரதத்தைப் பிணைத்தால், நஞ்சு வந்து ஒட்டும்போது மின்னோட்டம் மாறுகிறது. டெல்லி ஆய்வாளர்கள் 2013-இல் இத்தகைய உணரியொன்றை வெளியிட்டனர்.

ஆயினும் உணரியின் நுட்பத்தைவிட மாதிரி எடுப்பதே பெருஞ்சிக்கல். நஞ்சு மூட்டை முழுதும் சீராகப் பரவாமல் ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் செறிந்திருக்கக்கூடும் என்பதால், கமிட்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒரு கைப்பிடி காயை உரித்துப் பார்க்கும் பழைய முறை எத்தகைய கருவியையும் ஏமாற்றிவிடும். பருப்பு உடையாதிருக்க இயந்திரத்தில் இடும் முன் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கமோ இன்னும் முற்றாக ஒழியவில்லை.