வாக்கெடுப்புப் பொறியின் வரலாறு

பலர் கூடி ஆராயும் அவைகளிலே, கருத்து வேறுபட்டவிடத்து வாக்கெடுப்பினாலே முடிபு காண்பது பண்டைக்காலந்தொட்டு வரும் வழக்கமாகும். கையுயர்த்தல், குரலெழுப்பல், பெயர் கூறியழைத்தல் என அதன் முறைகள் பல. அப்பணியை மின்சாரப் பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியது. ஆயினும், அமெரிக்கக் கொங்கிரசு அதனை ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்குமேற் சென்றது. பொறியின் குறைபாடு அதற்குக் காரணமன்று.

தந்திச் சேவையிலே தொழில் புரிந்த தோமசு அல்வா எடிசன், தமது இருபத்திரண்டாம் வயதில், 1869ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி, தம் முதலாவது காப்புரிமையைப் பெற்றார். அது வாக்குப் பதிவுப் பொறிக்குரியது. உறுப்பினர் தம் இருக்கையிலிருந்தவாறே ஆம், இல்லை என்னும் இரண்டிலொன்றைக் குறிக்கும் விசையைத் திருப்புவர். மின்னோட்டம் இரசாயனப் பொருள் தோய்ந்த தாளிலே அவர் பெயரைப் பதிக்கும். இருதிறத்து வாக்குகளின் தொகையையும் முகப்புகள் காட்டும். பொறி செவ்வனே இயங்கிற்று. ஆனால் வாசிங்டனில் அதனைப் பார்வையிட்டோர் அதன் விரைவையே குற்றமாகக் கண்டனர். பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்குங் காலத்தினுள் மனம் மாறுவோர் மாறலாம். சிறுபான்மையோர் தாம் வெறுக்கும் சட்டத்தைத் தாமதப்படுத்தலாம். அக்கால இடைவெளி அவர்களுக்குக் கேடயமாயிருந்தது. தேவையில்லாததைக் கண்டுபிடிப்பதில்லையென எடிசன் அன்று துணிந்தார் என்பர்.

மாகாண மன்றங்கள் பொறியை முன்னரே ஏற்றன. விஸ்கொன்சின் சட்டமன்றம் 1917இல் அதனைக் கையாண்டது. 435 உறுப்பினரைக் கொண்ட பிரதிநிதிகள் சபையிலோ பெயரழைப்பு ஒன்றுக்கு அரைமணி நேரத்துக்குமேற் சென்றது. அதனினும் பெரிய குறையொன்று இருந்தது. சபை முழுவதும் குழுவாகக் கூடித் திருத்தங்களை ஆராயும்போது, உறுப்பினர் வரிசையாகச் செல்ல, எண்ணிக்கை மட்டுமே குறிக்கப்பட்டது. எவர் எப்பக்கஞ் சார்ந்தனர் என்பதை அவரைத் தெரிந்தனுப்பிய மக்கள் அறிய வழியில்லை. 1970ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் அவ்வாக்குகளையும் பெயருடன் பதிய இடமளித்ததோடு, மின்பொறிக்கும் அனுமதி வழங்கியது. 1973ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி பொறி முதன்முதல் இயங்கிற்று. அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் உறுப்பினரின் பெயருக்கருகே விளக்கு எரிந்தது. பதிவு எளிதாகவே, பெயருடன் பதிந்த வாக்கெடுப்புகளும் பெருகின. விரைவு தந்த பெரும்பயன் நேரமிச்சமன்று, மறைவாயிருந்தது வெளிப்பட்டமையேயாகும்.

ஆயினும் 1869இல் எழுந்த தடை முற்றும் மறையவில்லை. பொறிவழி வாக்களிப்புக்கு விதிக்கப்பட்ட பதினைந்து நிமிடம் குறைந்தபட்ச அளவேயன்றி மேலெல்லையன்று. 2003ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி விடியற்காலையில், முதியோர் மருந்துச் செலவுபற்றிய மசோதாவின்மீதான வாக்கெடுப்பு ஏறக்குறைய மூன்று மணிநேரம் திறந்து வைக்கப்பட்டது. எதிர்வாக்குகள் மிகுந்திருக்கக் கண்ட தலைவர்கள், உறுப்பினர் சிலரை மனமாற்ற முயன்றனர்; ஈற்றில் 220க்கு 215 என மசோதா நிறைவேறியது. முன்னர் சிறுபான்மையோர்க்குக் கேடயமாயிருந்த தாமதம் அன்று பெரும்பான்மையோரின் கருவியாயிற்று. எண்ணுவது பொறி; எப்போது எண்ணி முடிப்பதென்று துணிபவர் மனிதர். செனற் சபையோ இன்றும் பெயரழைத்தே வாக்கெடுக்கின்றது.

சங்கங்களும் மாநாடுகளும் மின்பொறியை நாடும் இந்நாளில் இவ்வரலாறு சிந்தித்தற்குரியது. பிறர்க்காகப் பேசும் பிரதிநிதியின் வாக்கு வெளிப்படையாதல் வேண்டும். நிருவாகிகளைத் தெரியும் உறுப்பினரின் வாக்கோ மறைவாயிருத்தல் வேண்டும். முன்னதில் ஒவ்வொருவரும் தம் பெயருக்கெதிரே தம் வாக்கைக் கண்டு பிழை திருத்தலாம். பின்னதில் அது இயலாது. 2009ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆந் திகதி செருமனிய அரசியலமைப்பு நீதிமன்றம், 2005ஆம் ஆண்டுத் தேர்தலிற் கையாளப்பட்ட பொறிகளை ஆராய்ந்து, வாக்களிப்பின் முக்கிய படிகளைச் சிறப்பறிவில்லாத குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாயிருத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆகவே, ஓர் அவை பொறியை வாங்குமுன் அதன் விரைவை வினவுதல் போதாது; யாருடைய வாக்கு யாருக்குத் தெரிதல் வேண்டும், ஐயம் எழின் யார் சரிபார்ப்பர், வாக்கெடுப்பு எப்போது முடியும் என்பவற்றை முன்னரே விதித்தல் வேண்டும். அவ்விதிகள் இல்லாதவிடத்துப் பொறி விரைவைத் தருமேயன்றி நம்பிக்கையைத் தராது.