ஆழநீரைக் கடக்கும் படை லாரிகள்

ஆழநீர் கடப்பு ஆயத்தம் என்பது, தரையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட லாரி, ஜீப் முதலிய படை வண்டிகளை, எஞ்சின் மூழ்கும் அளவு நீரிலும் நிற்காமல் ஓடிக் கரையேறும்படி தயார் செய்யும் முறையாகும். இவ்வண்டிகள் படகைப் போல மிதப்பதில்லை. நீரின் அடியிலுள்ள மணலில் சக்கரங்களை ஊன்றியே செல்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய, அமெரிக்கப் படைகள் இம்முறையைப் பெருமளவில் வளர்த்தெடுத்தன.

தேவை

எதிரியின் வசமுள்ள கரையில் இறங்கும் படைக்குத் துறைமுகம் கிடைப்பதில்லை. தட்டையான அடிப்பாகம் கொண்ட தரையிறங்கு படகுகள் கரைக்குச் சற்று முன்னரே மணல்திட்டில் தட்டி நின்றுவிடும். திட்டுக்கும் கரைக்கும் இடையே நீர் மேலும் ஆழமாக இருப்பதும் உண்டு. படகின் முன்கதவு திறந்ததும் லாரி அந்த நீரில்தான் இறங்க வேண்டும். முதல் லாரி இறங்கிய இடத்திலேயே நின்றுபோனால், அதன் பின்னுள்ள வண்டிகள் அனைத்தும் படகிலேயே முடங்கும். கரையிலுள்ள வீரர்களுக்கு வெடிமருந்தும் உணவும் போய்ச் சேரா. காயமடைந்தவர்களை ஏற்றிச் செல்ல வண்டியும் இராது. ஆகவே ஒரு லாரி நீரில் நிற்பது உயிர்ச்சேதத்துக்கே காரணமாகலாம்.

நீர் புகும் வழிகள்

எஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்று செல்லும் வழியில் நீர் நுழைந்து சிலிண்டரை அடைந்தால் பெருஞ்சேதம் ஏற்படும். காற்றைப் போல நீரைச் சுருக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். இதைத் தவிர்க்கக் காற்று இழுக்கும் குழாயை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டினர். புகைக்குழாயையும் அவ்வாறே நீட்டினர். எஞ்சின் ஓடும்வரை புகையின் அழுத்தம் நீரைத் தள்ளி நிறுத்தும். எஞ்சின் நின்றாலோ நீர் அக்குழாய் வழியே உள்ளே ஏறிவிடும்.

பெட்ரோல் எஞ்சினின் மற்றொரு பலவீனம் மின்பொறி. டிஸ்டிரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், காயில் ஆகியவை நனைந்தால் பொறி எழாது. இவற்றின் இணைப்புகள்மீது நீர்புகாப் பசையை அழுத்திப் பூசினர். கிரீசும் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் கலந்த பசை இதற்குப் பரவலாகப் பயன்பட்டது.

எளிதில் கண்ணுக்குப் படாத வழி ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸ், அச்சு உறை ஆகியவற்றில் உட்காற்று வெளியேறுவதற்குச் சிறு துளைகள் இருக்கும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது அத்துளை நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயுடன் நீர் கலந்தால் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தேயும். வண்டி அன்று கரையேறினாலும் பின்னர் பழுதாகும்.

ரேடியேட்டரின் பின்னுள்ள விசிறி நீரில் சுழன்றால் நீரை எஞ்சின் முழுதும் வாரி இறைக்கும். அதன் இறக்கைகள் வளைந்து ரேடியேட்டரையும் கிழிக்கலாம். எனவே ஆழநீரில் இறங்குமுன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவது வழக்கம்.

தியெப் முதல் நார்மண்டி வரை

1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் நகர்மீது நடந்த தாக்குதலில், நீர்க்காப்பு செய்யப்பட்ட சர்ச்சில் டாங்கிகள் கரையிறக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நீரைக் கடந்தன. ஆனால் பல டாங்கிகள் கரையின் கூழாங்கற்களில் சிக்கிக்கொண்டன. நீரைக் கடப்பது மட்டும் போதாது, கரையின் தன்மையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் வடக்கு டெவன் கரையில் கூட்டு நடவடிக்கைச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. வண்டிகளைக் கடலில் இறக்கிப் பார்க்கும் சோதனைகள் அங்கே நடந்தன. 1942 அக்டோபரில் அமைக்கப்பட்ட பிரித்தானியப் படையின் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு நீர்க்காப்புப் பணியில் முக்கியப் பங்காற்றியது. ஓட்டுநர்களுக்கும் இது பாடமாகக் கற்பிக்கப்பட்டது. தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும், எஞ்சின் வேகம் குறையக் கூடாது, நடுநீரில் கியர் மாற்றக் கூடாது என்பவை அதன் முதன்மையான விதிகள்.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டித் தரையிறக்கம் நடந்தது. அப்படியும் நின்றுபோகும் வண்டிகளை இழுக்க, ஷெர்மன் டாங்கியிலிருந்து உருவாக்கப்பட்ட கவச மீட்பு வண்டிகள் கரையில் இயங்கின. அவை சுமார் 2.7 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியவை.

அடைப்பதும் திறப்பதும்

நீர் புகும் துளைகள் வீணாக வைக்கப்பட்டவை அல்ல. வண்டி மூச்சுவிடுவதும் வெப்பம் தணிவதும் அவற்றால்தான். எல்லாவற்றையும் அடைத்து, விசிறியையும் நிறுத்திய வண்டி தரையில் நெடுந்தூரம் ஓடினால் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் நீர்க்காப்பு ஒரே நாளில் முடிக்கப்படவில்லை. முகாமில் ஒரு பகுதி, கப்பலேறும் இடத்துக்கு அருகில் ஒரு பகுதி, இறுதி வேலை இறங்கும் தறுவாயில் என்று பல கட்டங்களாகச் செய்யப்பட்டது.

கரையேறியதும் எதிர்வேலை தொடங்கும். அடைப்புகளை நீக்கி, ஃபேன் பெல்ட்டை மாட்டி, நனைந்த பிரேக்கை மெல்ல அழுத்தி ஓட்டி உலர்த்த வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். அதை உடனே மாற்ற வேண்டும். உப்புநீர் பட்ட இடங்களுக்குப் புதிய கிரீஸ் இட வேண்டும். அடைக்க மறந்தாலும் கேடு, திறக்க மறந்தாலும் கேடு.

போருக்குப் பின்

கையால் பசை பூசும் வேலையைக் குறைக்கும் வகையில் பிற்கால வண்டிகள் வடிவமைக்கப்பட்டன. 1950 அளவில் வந்த அமெரிக்க எம்38 ஜீப், எம்35 லாரி ஆகியவற்றில் மின்பொறி அமைப்பு நீர்புகா உறைக்குள் வைக்கப்பட்டது. எம்35 லாரி தனிக்கருவி எதுவுமின்றிச் சுமார் 76 செ.மீ. நீரையும், ஆழநீர்க் கருவித்தொகுதி பொருத்தினால் சுமார் 183 செ.மீ. நீரையும் கடக்கக்கூடியது. துளைகளை அடைப்பதற்குப் பதிலாக, அவற்றின் வாயைக் குழாய் மூலம் உயரமான இடத்துக்குக் கொண்டுபோவதே இவ்வமைப்பின் சிறப்பு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் பிற்கால லாரிகளில் வேலை மேலும் எளிதாயிற்று.

பழைய லாரிகளை வாங்குவோர் கவனத்துக்கு

படைகள் கழித்துவிடும் லாரிகளைப் பல நாடுகளில் தனியார் வாங்கி ஓட்டுகின்றனர். கையேட்டில் உள்ள ஆழக்கணக்கு புதிய வண்டிக்கு உரியது. பல்லாண்டு ஆன ரப்பர் அடைப்புகள் வெடித்திருக்கலாம், குழாய்கள் கழன்றிருக்கலாம். போர்க்கால வண்டிகளில் எஞ்சியுள்ள பசையைச் சுரண்டுவதும் ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குத் தீங்கானது. மேலும், அந்தக் கணக்கு ஆழத்தை மட்டுமே கூறுகிறது. ஓடும் வெள்ளம் பக்கவாட்டில் தள்ளும் விசையை எந்த நீர்க்காப்பும் தடுப்பதில்லை. அடியிலுள்ள தரையும் நீரின் வேகமும் தெரியாத இடத்தில், நன்கு ஆயத்தம் செய்த லாரியையும் இறக்காமல் இருப்பதே அறிவுடைமை.