செல்சஸ் பார்த்த நரம்பும், எங்கள் வீட்டு அண்ணியும்



போன வாரம் வெள்ளிமலையிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. "சார், வேரிகோசீல்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. உங்களத்தான் கேக்கத் தோணுச்சு" என்றான். நான் வரலாறு நடத்தியவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த நோய்க்கும் நீளமான வரலாறு உண்டு. வெட்கப்படாமல் படியுங்கள்.

விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் வீங்கி முறுக்கிக்கொள்வதுதான் வேரிகோசீல். நம் பக்கம் நரம்பு சுருட்டிக்கிச்சு என்பார்கள். அப்படி வீங்கிய பக்கத்து விதை ஊட்டம் குறைந்து சிறுத்துப்போகும் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் செல்சஸ் எழுதிவிட்டார். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். வலது சிரை உடம்பின் பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடது சிரை சிறுநீரகச் சிரையில் நேர்குத்தாகப் போய் முட்டுகிறது. வாய்க்கால் ஏரியில் கலக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

பல நூற்றாண்டுகள் இதை வலி, வீக்கம் என்றுதான் பார்த்தார்கள். 1889ல் லண்டனில் பென்னெட் என்ற அறுவை மருத்துவர், சிகிச்சைக்குப் பின் விந்து தேறியதைப் பதிவு செய்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950களில் எடின்பரோவில் டல்லாக், விந்தணுவே இல்லாத ஒருவருக்கு இரு பக்கமும் அறுவை செய்தார். விந்தணு வந்தது, அவர் மனைவி கருவுற்றார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

அதற்கும் இருபது வருடம் கழித்து, 1974ல், எங்கள் பெரியப்பா மகன் தன் மனைவியை மலடி என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். கொண்டுபோய் விட்டவர்களில் நானும் ஒருவன். கச்சிராயபாளையம் பஸ்ஸில் அண்ணி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் இன்னொரு கல்யாணம் செய்தார், அதிலும் குழந்தை இல்லை. அண்ணிக்கு மறுமணமாகி மூன்று பிள்ளைகள்! அப்போதும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, பட்டம் வாங்கிய நான் உட்பட.

இப்போது மரபணு விஷயம். பாடப்புத்தகத்தில் எல்லாப் பாடமும் இருக்கும். வாத்தியார் எதை நடத்துகிறாரோ அதுதான் வகுப்பில் உயிர் பெறும். மரபணு புத்தகம் என்றால், அதன் வெளிப்பாடு நடத்தப்படும் பாடம். விதைக்கு உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூடு வேண்டும். சிரையில் ரத்தம் தேங்கினால் சூடு ஏறும். சூடு எந்த மரபணு வேலை செய்வது என்பதையே மாற்றும் என்று 1962ல் இத்தாலியர் ரித்தோசா பழ ஈக்களில் கண்டார். அந்தக் குடும்பத்து மரபணுக்களில் ஒன்று எச்.எஸ்.பி.ஏ.2. எலியில் அதற்கு இணையானதை 1996ல் நீக்கிப் பார்த்தார்கள்: ஆண் எலி மலடானது, பெண் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேரிகோசீல் உள்ள ஆண்களின் விந்தணுவில் இந்த மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருப்பதைப் பின்னர் சில ஆய்வுகள் காட்டின.

அதற்காக வேரிகோசீல் என்றாலே பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 9,034 ஆண்களை ஆராய்ந்து 1992ல் வெளியிட்ட கணக்குப்படி, விந்து சரியில்லாதவர்களில் 25.4 சதவீதம் பேருக்கு இது இருந்தது. சரியாக இருந்தவர்களிலும் 11.7 சதவீதம் பேருக்கு இருந்தது. எத்தனையோ அப்பாக்கள் இதோடுதான் வாழ்கிறார்கள். அறுவையால் குழந்தைப்பேறு கூடுவதில்லை என்று 2004ல் பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொன்னது. கையில் தட்டுப்படும் வீக்கமும் விந்துக் குறைவும் சேர்ந்திருந்தால் செய்யலாம் என்கிறார்கள் ஐரோப்பியச் சிறுநீரியல் மருத்துவர்கள். விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும் என்பதால், அறுவை செய்தாலும் பலன் தெரிய மாதங்கள் பிடிக்கும். விளம்பரத்தில் வரும் "ஒரே வாரத்தில் தீர்வு" லேகியத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

கள்ளக்குறிச்சியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022ல் திறந்தது. மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். "உன் வீட்டம்மாவுக்கு முதல்ல சொல்லுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவளத்தான் சார் ரெண்டு வருஷமா எங்கம்மா கோயில் கோயிலா கூட்டிட்டுப் போறாங்க" என்றான்.

நேற்று ராத்திரி சொல்லிவிட்டானாம்.