இயந்திரமும் இல்லமும்

மனிதனுடைய சிறுநீரகங்கள் இரவுபகலாகக் குருதியைத் தூய்மை செய்கின்றன. அவை இரண்டும் முற்றாகச் செயலிழந்தால், கழிவுகள் குருதியிலே தேங்கி உயிரைக் கவர்ந்துவிடும். இவ்விதியை மாற்ற முனைந்தவர் ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப். நாஸிப் படைகள் அந்நாட்டை ஆண்ட 1943ஆம் ஆண்டிலே, செலோபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றி அவர் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். தொடக்கத்திற் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945இல் 67 வயது மாது ஒருவர் பிழைத்தெழுந்தார்.

ஆயினும், ஒவ்வொரு முறையும் குருதிக்குழாய்களைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தமையால், நெடுநாட் சிகிச்சை இயலவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலே நிலையாகப் பொருத்தத்தக்க ரெஃப்லோன் குழாயைப் பயன்படுத்தினார். அவ்வாறு முதலிற் சிகிச்சை பெற்ற தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வழி பிறந்தது, கூடவே கடினமான வினாவும் பிறந்தது. 1962இல் அந்நகரில் திறக்கப்பட்ட நிலையத்தில் இடங்கள் மிகச் சில. வேண்டி நின்றோர் பலர். 45 வயதைக் கடந்தோரையும் சிறாரையும் வைத்தியர்கள் முதலிலேயே விலக்கினர். எஞ்சியோருள் எவருக்கு இடமளிப்பது என்பதை எழுவர் கொண்ட குழுவொன்று தீர்மானித்தது. தொழில், வருவாய், குடும்பநிலை யாவும் ஆங்கே ஆராயப்பட்டன. தளர்ந்தோர்க்கு அக்கதவு திறக்கவில்லை.

1964இல் பள்ளிச் சிறுமியொருத்தி வயது காரணமாக இடம்பெறவில்லை. பொறியியற் பேராசிரியர் அல்பேட் பாப் குழுவினர் அவளுக்கென வீட்டிலே இயக்கத்தக்க இயந்திரத்தைச் சில மாதங்களில் அமைத்தனர். வைத்தியசாலையின் பணி வீட்டாரின் கைக்கு வந்தது. இல்லமே சிகிச்சைக்கூடமாயிற்று.

1972இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் சிகிச்சைச் செலவைப் பெரும்பாலான நோயாளருக்கு அரசின் பொறுப்பாக்கியது. 1973 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதியோரும் பிற நோயுற்றோரும் சிகிச்சைக்கு வரலாயினர். அன்று வாயிலிலே தடுக்கப்பட்ட தளர்ச்சி, இன்று நிலையத்தினுள்ளேயே அமர்ந்திருக்கிறது.

தளர்ச்சி என்பது முதுமை மட்டுமன்று. எண்ணாமலே எடை குறைதல், அயர்ச்சி, கைப்பிடி வலுக்குன்றல், நடை மந்தமாதல், இயக்கம் அருகல் என்னும் ஐந்தினுள் மூன்று காணப்படின் அது தளர்ச்சி என, 2001இல் லிண்டா ஃபிரைட் முதலானோர் வகுத்தனர். இச்சிகிச்சை பெறும் இளையோரிடமும் அது காணப்படுகிறது. தசை மெலிகிறது, சிகிச்சை முடிந்த அன்று எழுந்து நடப்பதே பெரும்பாடாகிறது, விழுந்தால் எலும்பு முறிகிறது.

பொதுவாக வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரம் துணைநிற்கிறது. எஞ்சிய பொழுதெல்லாம் துணைநிற்பவர் யார்? நீரை அளந்து கொடுப்பவரும், உப்பைக் குறைத்துச் சமைப்பவரும், நடை தடுமாறுவதை முதலிற் காண்பவரும் வீட்டாரே.

நேயர்களே, நம் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே 1990களிற் கண்டறியப்பட்ட சிறுநீரக நோய், இவ்வரலாற்றை நம் வாசலுக்கே கொணர்ந்துள்ளது. நோயாளரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மனைவியோ மகனோ அன்றைய கூலியை இழக்கிறார். எவருக்கு இயந்திரம் என்று அன்று சியாற்றில் நகரம் கேட்டது. இயந்திரத்தருகே துணைநிற்பவரை யார் தாங்குவது என்பதே இன்று நாம் விடை காணவேண்டிய வினாவாகும்.