கிரேன் நிற்கும் நிலம் யார் பொறுப்பு? அமெரிக்கக் கட்டுமான விதிகள், 1971–2018

கிரேன் பாதுகாப்பின் வரலாற்றை இயந்திரத்தின் வரலாறாக எழுதுவது எளிது: இரும்புக் கயிறு தடித்தது, பூம் நீண்டது, சுமையை அளக்கக் கருவி வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க விதிகளைக் கால வரிசையில் படித்தால் வேறொரு மாற்றம் கண்ணில் படுகிறது. தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1971இல் வெளியிட்ட கட்டுமானக் கிரேன் விதி, 1968ஆம் ஆண்டின் தொழில்துறைத் தரநிலையைப் பெரிதும் சார்ந்திருந்தது. உற்பத்தியாளர் குறித்த சுமை வரம்பை மீறக் கூடாது, தகுதியுள்ள ஒருவர் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்று அது முதலாளியிடம் கேட்டது. ஆனால் ஒரே பணியிடத்தில் முதலாளிகள் பலர் இருப்பார்கள்: கிரேனை வாடகைக்கு விட்டவர், அதை எடுத்தவர், சுமை கட்டுபவர்களின் ஒப்பந்ததாரர், எல்லோருக்கும் மேலே முதன்மை ஒப்பந்ததாரர். கிரேன் நிற்கும் மண்ணைக் கெட்டிப்படுத்த வேண்டியவர் இவர்களில் யார் என்பதை அவ்விதி பெயர் சுட்டிச் சொல்லவில்லை. விதி பேசாத இடத்தில் பழி பெரும்பாலும் நெம்புகோலைப் பிடித்திருந்த ஆபரேட்டர் மீதே இறங்கும்.

அந்த மௌனத்தின் விலையை மில்வாக்கி நகரின் மில்லர் பார்க் விளையாட்டரங்கில் காணலாம். 1999 ஜூலை 14 அன்று ‘பிக் புளூ’ என்ற ராட்சதக் கிரேன், 400 டன்னுக்கும் மேற்பட்ட கூரைத் துண்டைத் தூக்கியபோது சரிந்து விழுந்தது. வேறொரு கிரேனில் தொங்கிய கூடையில் இருந்த இரும்புத் தொழிலாளர் மூவர் இறந்தனர். கிரேன் மீது மோதும் காற்று கணக்கில் இருந்தது. தூக்கப்பட்ட கூரையின் பரந்த பரப்பில் மோதும் காற்று கணக்கில் சேரவில்லை. அதைக் கணக்கிட வேண்டியவர் கிரேன் நிறுவனத்தாரா, தூக்கும் பணியை நடத்திய துணை ஒப்பந்ததாரரா? ஓஷா மூன்று நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 2000ஆம் ஆண்டில் நடுவர் குழு துணை ஒப்பந்த நிறுவனத்தின் மீது 97 விழுக்காடும் கிரேன் நிறுவனத்தின் மீது 3 விழுக்காடும் பொறுப்பைச் சுமத்தியது. வழக்கு விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2005 வரை நீண்டது. இவ்வளவு துல்லியமான பங்கீடு சாவுக்குப் பின்புதான் வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூக்கும் நாளின் காலையில் அதில் பாதித் தெளிவு இருந்திருந்தாலும் காற்றைப் பற்றி யாரேனும் கேட்டிருப்பார்.

2003இல் ஓஷா அமைத்த ஆலோசனைக் குழுவில் தொழிற்சங்கங்கள், கிரேன் உரிமையாளர்கள், ஒப்பந்ததாரர்கள், உற்பத்தியாளர்கள் எனப் பல தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 2004இல் அவர்கள் வரைவு ஒன்றில் உடன்பட்டார்கள். அது இறுதி விதியாக ஆறு ஆண்டுகள் பிடித்தன. இடையே, 2008 மார்ச்சில் நியூயார்க்கின் 51ஆம் தெருவில் கோபுரக் கிரேன் சரிந்து எழுவரும், மே மாதம் 91ஆம் தெருவில் மற்றொன்று சரிந்து இருவரும் மாண்டனர். தொழில்துறையோ முந்திக்கொண்டது. 2007ஆம் ஆண்டின் பி30.5 தரநிலை உரிமையாளர், பயன்படுத்துவோர், பணியிட மேற்பார்வையாளர், தூக்கும் பணி இயக்குநர், ஆபரேட்டர் என ஐவரின் கடமைகளைத் தனித்தனியே பிரித்து எழுதியது.

2010 ஆகஸ்டில் வெளியாகி நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஓஷா விதியின் 1402ஆம் பிரிவுதான் என் வாதத்தின் அச்சாணி. நிலத்தை உறுதிப்படுத்தும் கடமையைப் பணியிடம் முழுவதையும் கட்டுப்படுத்தும் அமைப்பிடம் அது ஒப்படைத்தது. பூமிக்கடியில் குழியோ தொட்டியோ குழாயோ இருப்பது வரைபடத்திலோ மண் ஆய்விலோ தெரிந்தால், கிரேனைப் பயன்படுத்துவோருக்கும் ஆபரேட்டருக்கும் அதைத் தெரிவிப்பதும் அந்த அமைப்பின் கடமை. காரணம் எளியது: காலையில் வந்து மாலையில் போகும் வாடகைக் கிரேன்காரரிடம் மண்ணை மாற்றும் அதிகாரமும் இல்லை, வரைபடமும் இல்லை. கடமை, இயந்திரத்தைத் தொடுபவரிடமிருந்து நிலைமையை மாற்ற வல்லவரிடம் நகர்ந்தது. ஆபரேட்டர் இதனால் வெறும் கைப்பாவை ஆகிவிடவில்லை. பாதுகாப்பில் ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்தவும், தகுதியுள்ளவர் உறுதி செய்யும்வரை சுமையைத் தொட மறுக்கவும் 1418ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது.

பொறுப்பைப் பலருக்குப் பிரித்தால் அது யாருக்கும் இல்லாமல் போகும் என்பது வலுவான மறுப்புதான். நியூயார்க்கின் இரு விபத்துகளிலும் வழக்கைச் சந்தித்த முதன்மையானவர்கள், ஒருவர் 2010இலும் மற்றவர் 2012இலும், விடுதலையானதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் குற்றவியல் தண்டனைக்குத் தேவையான மெய்ப்பிப்பு வேறு, பணியிடக் கடமை வேறு. மேலும் பொறுப்பு முன்பும் பிரிந்தே கிடந்தது, எழுதப்படவில்லை, அவ்வளவுதான். விதியின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. நிலம் சரியில்லை என்று ஆபரேட்டர் கண்டால், அவருடைய முதலாளி கட்டுப்படுத்தும் அமைப்புடன் கலந்து பேச வேண்டும் என்றுதான் 1402 சொல்கிறது. வாடகை பாக்கிக்காகக் காத்திருக்கும் சிறு நிறுவனம் அந்தப் பேச்சை எவ்வளவு உரக்கப் பேசும்?

ஆபரேட்டர் சான்றிதழ் பற்றிய சர்ச்சையிலும், பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர் சுட்டி எழுத வேண்டும் என்ற இதே அளவுகோல் வேலை செய்தது. வெளி நிறுவனம் தரும் சான்றிதழ் மட்டும் போதுமா என்ற கேள்வியால், சான்றிதழ் பெறுவதற்கான கெடு 2014இலிருந்து 2017க்கும் பிறகு 2018க்கும் தள்ளிப்போனது. 2018 நவம்பரின் திருத்தம் சான்றிதழையும் கேட்டது, முதலாளியின் மதிப்பீட்டையும் கேட்டது. அந்த மதிப்பீட்டுப் பதிவில் ஆபரேட்டரின் பெயர், தேதி, கிரேனின் தயாரிப்பு, மாடல் ஆகியவற்றோடு மதிப்பிட்டவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.