தேரைத் தோலும் மூன்றாம் பெஞ்சுப் பையனும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் குடும்பக் குழுவில் என் தங்கை மகள் ஒரு படம் போட்டிருந்தாள். அவள் பிள்ளையின் முழங்கை. நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது. "நம்ம ஊர்த் தண்ணியாலயா மாமா?" என்று கேட்டிருந்தாள். உடனே ஆளாளுக்கு ஒரு பதில். உப்புத் தண்ணீர், சோப்பு, பனி, கடல் காற்று. எல்லாமே சரியான பதில்தான். திருவேட்டக்குடி போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உப்புகளோடு சேர்ந்து மாவு மாதிரி தோலிலேயே படிந்துவிடும். தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, சோப்பு காரம். வெந்நீரும் சேர்ந்தால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய்விடும். இதெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே உங்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

நடத்தாமல் விட்டது ஒன்று உண்டு. எனக்கே அப்போது தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன். முழங்கை, முழங்கால், தொடையின் வெளிப்பக்கம் எல்லாம் தேங்காய்த் துருவி போல முள் முள்ளாக இருக்கும். பக்கத்தில் உட்காரப் பையன்கள் முகம் சுளித்தார்கள். நான் சுத்தம் சுகாதாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எழுப்பி நிறுத்தி, "குளிக்கிறியாடா? போய் அடிபம்புல தேய்ச்சுக் கழுவிட்டு வா" என்று அனுப்பினேன். செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டு வந்தான். ரத்தம் கசிந்தது. மறுநாள் அவன் அம்மா வாசலில் நின்றார். நடவு வேலைக்குப் போகிறவர். கையில் சேறு காயவில்லை. "புள்ள தினம் குளிக்கிறான் சார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் "சரிம்மா, போங்க" என்றேன்.

வருஷங்கள் கழித்து, சத்துணவு பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் அந்த முழங்கையை அப்படியே பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். கீழே 'ஃபிரினோடெர்மா' என்று போட்டிருந்தது. கிரேக்கத்தில் தேரைத் தோல் என்று பொருள். கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் 1933ல் அந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்ன காரணம் அழுக்கல்ல, சாப்பாட்டில் உள்ள குறை.

இதில் நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1918ல் நீலகிரி குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்கரிசனுக்குப் பின் வந்தவர் அய்க்ராய்ட். அவரும் ராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டநிலையை ஆராய்ந்து 1936ல் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் தேடிய அடையாளங்களில் வாயோரப் புண்ணும் உண்டு, இந்தச் சொரசொரத் தோலும் உண்டு. நான் பையனைப் பம்புக்கு அனுப்புவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, நம்மைப் போன்ற வகுப்பறைகளில் ஒருவர் அதே தோலைப் பார்த்து 'இவன் என்ன சாப்பிடுகிறான்' என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர் பயிற்சியில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எந்தச் சத்து குறைகிறது என்பதில் நெடுநாள் வழக்கு நடந்தது. மாலைக்கண்ணும் சேர்ந்து காணப்பட்டதால் முதலில் வைட்டமின் ஏ என்றார்கள். ஆனால் வேறொரு தடயம் அமெரிக்காவில் கிடைத்திருந்தது. 1929ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, கொழுப்பே இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலானது, வாலும் செதில் கட்டியது. இன்னொன்று, அவை நிறையத் தண்ணீர் குடித்தன, ஆனால் அதற்கேற்ற சிறுநீர் போகவில்லை. தண்ணீர் தோல் வழியாகவே போய்க்கொண்டிருந்தது! ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? அந்த ஓட்டையை அடைப்பது லினோலிக் அமிலம். அதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும்.

சேலத்தில் 1918ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன் தேரைத் தோலின் காரணம் பற்றி 1947ல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்'டில் எழுதினார். பின்னாளில் ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநரானவர், நூறு வயது கடந்து வாழ்ந்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த வேலையால், வைட்டமின் ஏ மட்டும் இதற்குக் காரணமல்ல, தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலமும் பி வகை வைட்டமின்களும் முக்கியம் என்பது தெரியவந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காலத்தில் எண்ணெய் எப்படி வாங்கினோம், நினைவிருக்கிறதா? கழுத்தில் கயிறு கட்டிய சின்னப் பாட்டில். கடைக்காரர் பத்துப் பைசாவுக்கும் இருபது பைசாவுக்கும் அளந்து ஊற்றுவார். அந்த எண்ணெய்தான் தலைக்கு, விளக்குக்கு, தாளிப்புக்கு. கூலி வீட்டில் தாளிப்பு கடைசி. பழைய சோறு, உப்பு, மிளகாய். தலைக்கு வைத்ததும் தேங்காய் எண்ணெய். அதில் லினோலிக் மிகக் கொஞ்சம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும்தான் நிறைய உண்டு. பிள்ளை தினமும் குளித்தான், தலைவாரி எண்ணெய் பளபளக்கத்தான் வந்தான். உள்ளே போகவேண்டிய எண்ணெய் போகவில்லை. அதற்கு நான் செங்கல்லை வைத்தியமாக்கினேன்.

தங்கை மகளுக்கு: உன் பிள்ளை வடையும் முறுக்கும் தின்கிற தின்னுக்கு இது தேரைத் தோலாக இருக்க வாய்ப்பில்லை. வெந்நீரைக் குறை, குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ கிரீமோ தடவு. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டு. நம் வயதுக்காரர்களுக்கு வேறு கணக்கு. சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், தினம் போடும் சில மாத்திரைகள் என இவற்றில் எதுவும் தோலை வறட்டலாம். என் அண்ணிக்கு இரண்டு வருஷம் லோஷன் தடவினோம், கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது.

அந்தப் பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது அறுபதை நெருங்கியிருப்பான். பெயரை இங்கே போடமாட்டேன். அந்த வருஷத்து வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். உங்களில் யாராவது அவனைப் பார்த்தால் சார் விசாரித்தார் என்று சொல்லுங்கள். நம்பரைப் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். நானே பேசுகிறேன்.