இறங்கிச் சென்ற பேராயர்

1947 செப்டம்பர் 27 அன்று, சென்னைக் கதீட்ரல் சாலையிலுள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சி கனிய 28 ஆண்டுகள் சென்றன. தடையாய் நின்ற கேள்விகளில் முதன்மையானது பேராயத்துவமே: பேராயர் ஆளுகிறவரா, ஊழியரா? பேராயத்துவம் தொன்மரபு வழியது, ஆயினும் சபை விதிகளுக்குட்பட்டது என்று அமைப்புவிதிகள் விடை பகர்ந்தன.

ஏட்டில் எழுதப்பட்ட இவ்விடையை வாழ்வில் எழுதியவர் மைக்கேல் ஹாலிஸ். 1942 முதல் சென்னைப் பேராயராயிருந்த அவரே ஐக்கிய சபையின் முதல் பிரதமப் பேராயருமானார். ஆயினும் 1954இல் பதவி துறந்து, பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் சபைச் சரித்திரம் போதிக்கும் ஆசிரியரானார். சென்னையில் டேவிட் செல்லப்பா 1955இல் முதல் இந்தியப் பேராயரானார்.

ஹாலிஸ் பதவியை விட்டார், ஊழியத்தை விடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் உயர்ந்த ஆசனத்தினின்று வகுப்பறைக்கு இறங்குவதை அவர் இழிவென எண்ணவில்லை. சீஷருடைய பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பிரசங்கிக்கும் நாம், பதவியேற்கும் நாளுக்கென மாணவரை ஆயத்தப்படுத்துகிறோம். பிறருக்கு இடம்விட்டு இறங்கும் நாளுக்கும் அவர்களை, அவர்களுக்கு முன் நம்மை, ஆயத்தப்படுத்துவோமாக.